கூவம் நாறும்வரை வேலை உண்டு

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் போடிக் கிளையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கோடை விடுமுறையில் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு அச்சடித்திருக்கிறார்களாம். வழவழப்பான தாள். 'பெருநகர வாழ்க்கைக்குத் தகவமைத்துக்கொள்வது எப்படி?' என்று தலைப்பு. அட்டையில் ஒரு பெண் ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்று சிரிக்கிறாள். சென்னையில் பெட்டியோடு இறங்கிய யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன்னால் எடுத்த படமாக இருக்கும்.

உள்ளே அறிவுரைகள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். புதிய நண்பர்களைத் தேடிக்கொள்ளுங்கள். நகரத்தின் சத்தமும் நாற்றமும் முதல் வாரத்தில் தொந்தரவாகத் தோன்றும். கவலை வேண்டாம், விரைவில் பழகிவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியவர் எங்கள் தொழிலில் ஒருநாள்கூட இருந்தவராக இருக்க முடியாது.

"சார், உங்க அனுபவத்தையும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா கடைசியில சேத்துருவோம்" என்றான் அவர்களில் மூத்தவன். "கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லாருக்கும் சார்."

பாசிட்டிவாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுத வரும். அதை அவர்கள் அச்சடிக்கப் போவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். போடிக் கிளை 1981-ல் தொடங்கியதாகக் கையேட்டின் பின்னட்டை சொல்கிறது. தவறு. 1980-ல், தைப்பொங்கல் கழிந்த வாரம். பூட்டைத் திறந்தவன் நான். வரலாற்றை எழுதுகிறவர்கள் குறைந்தபட்சம் சாவி வைத்திருந்தவனைக் கேட்டிருக்கலாம்.

நான் சென்னைக்குப் பயிற்சிக்குப் போனது அதற்கு முந்தைய கோடை. 1979 மே, ஜூன். மதுரையில் வேதியியல் பட்டத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். வாசனைச் சரக்கு ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனி போடியில் கொள்முதல் கிளை திறக்கப் போவதாகவும், ஏலக்காயை மோந்து தரம் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவன் வேண்டும் என்றும் கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன். இரண்டு மாதம் பயிற்சி. தேறினால் வேலை என்று பதில் வந்தது.

தேறாவிட்டால் என்ன என்பதை அப்பா ரயிலடியில் சொன்னார். "சரிவரலன்னா அங்கன சுத்திக்கிட்டுத் திரியாம வெரசா வந்து சேரு அப்பு. மெட்டுக்கு மேல சோலி கெடக்கு."

போடிமெட்டுக்கு மேலே அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த ஏலத்தோட்டத்தைச் சொன்னார். இன்றைக்கு அந்த மலைக்குக் குடும்பத்தோடு போய்ப் பனிமூட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மலை வேறு. காலுறைக்குள் ரத்தம் குடிக்கும் அட்டை. துணி காயாத ஆறு மாதம். ஆட்களோடு ஆளாக ஜீப்பில் தொங்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில் எவனாவது நம் தோளில் வாந்தி எடுப்பானா என்று எதிர்பார்க்கிற பயணம். அந்த மலைமேல் ஆயுளைக் கழிக்கக்கூடாது என்பதற்காகவே நான் வேதியியல் படித்தேன்.

சென்னையில் திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் தங்கினேன். அறை என்று சொன்னார்கள். கட்டிலைப் போட்டபின் மீதி இருந்த இடத்தை அறை என்று சொல்வதானால் அறைதான். குழாயில் வந்த தண்ணீர் உப்பு. அதுவும் குளிக்கத் தொடங்கியதும் நிற்கும் உப்பு. டீ என்பது பழுப்பு நிற வெந்நீர். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒவ்வொருவரும் அந்தப் பெயரை வைத்து ஒரே நகைச்சுவையைச் செய்தார்கள், தாங்கள்தான் அதை முதலில் கண்டுபிடித்தது போன்ற முகத்தோடு.

அலுவலகம் மண்ணடியில். மாடியில் கடைசி அறைக்கு 'மாதிரி அறை' என்று பெயர். சரக்கு மாதிரிகளை மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இடம். அதன் அதிகாரி மாசிலாமணி சார்.

ஒல்லியான மனிதர். தலையில் எண்ணெய் வைக்கமாட்டார். வாசனை சோப்பு, பவுடர், பொடி, வெற்றிலை எதுவும் கிடையாது. மதியம்வரை காப்பி குடிக்கமாட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, தேவையும் இருக்கவில்லை. அச்சடித்தது போன்ற தமிழில், மெதுவாக, எதிரில் இருப்பவன் வெட்கப்படும்படி பேசுவார். என்னைக் கடைசிவரை 'மிஸ்டர் போடி' என்றுதான் அழைத்தார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதற்கு என் வேலை உத்தரவு ஒன்றுதான் சாட்சி.

அப்பா கொடுத்தனுப்பிய ஏலக்காயை, நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையில் முடிந்தபடியே, முதல் நாள் அவரிடம் நீட்டினேன்.

"எங்க தோட்டத்துக் காய் சார். முதல் தரம்."

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லும் சார்."

முடிச்சை அவிழ்க்காமல் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடி அலமாரியில் வைத்தார். ஒரு நன்றிகூட இல்லை. நகரத்து மரியாதை இவ்வளவுதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தட்டில் ஒரு மாதிரியைத் தந்து பார்க்கச் சொன்னார். கை நிறைய அள்ளினேன். உருட்டிப் பார்த்தேன், ஒன்றைக் கடித்தேன், மீதியைத் தரையில் வீசினேன்.

அறையைப் பெருக்குகிற கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "யோவ்! இன்னாய்யா இது? இப்பத்தான பெருக்கிட்டு துடப்பத்தக் கீய வெச்சேன்!"

"பாத்த காயக் கீழ போட்டுருவோம்மா. எங்க ஊரு ஏலத்துல அப்பிடித்தான்."

பொய் இல்லை. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் ஒவ்வொரு சரக்கின் மாதிரியும் தட்டில் கைமாறி வரும். அள்ளுவார்கள், பார்ப்பார்கள், கீழே எறிவார்கள். ஏலம் முடியும்போது தரை பச்சையாகிவிடும். அதன்மேல்தான் நடந்து வெளியே போவோம். பார்த்த காயைத் திரும்பத் தட்டில் வைப்பவனைச் சில்லறை ஆள் என்று நினைக்கும் ஊர் அது. தொழில் தெரிந்தவன் என்று காட்டத்தான் வீசினேன்.

"துட்டு ஜாஸ்தியாக் கீது போல உங்க ஊர்ல" என்றாள் கன்னியம்மா. "நீ படி ஏறி வரச்சொல்லவே பாயாச வாசன அடிச்சுது. எவனோ கல்யாண வூட்லேந்து நேரா வரான்னு நெனச்சேன்."

சட்டையை இழுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. நகரத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கிறுக்கு என்று முடிவுகட்டினேன்.

"சார், நான் ஏலக்காய் மூட்டை மேலயே பொறந்து வளந்தவன்" என்றேன் மாசிலாமணி சாரிடம். இதுவும் பொய் இல்லை. எங்கள் போடி வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அப்பாவின் ஏலக்காய்க் குடோன். மேலே பலகைத் தளம். அந்தப் பலகைமேல்தான் நான் தவழ்ந்ததும் படித்ததும்.

"அப்படியா?" என்றார். "உட்காருங்கள்."

அவர் செய்முறையைச் சொல்ல வேண்டும். காயை உரித்துத் தோலைத் தள்ளிவிடுவார். விதையைக் கல் குழவியில் ஒன்றிரண்டாகத் தட்டி, உள்ளே இருப்பது தெரியாத பழுப்பு நிறப் புட்டியில் போட்டு மூடுவார். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். மூடியைத் திறந்து மூக்கை அருகே கொண்டுபோய்ச் சின்னதாக மூன்று இழுப்பு. இழுத்து முடித்ததும் முழங்கையை மடக்கி அந்த மடிப்பைத் தானே மோந்து கொள்வார். சொந்தத் தோலின் வாசனையில் மூக்கைக் கழுவிக்கொள்வது அது. அப்புறம்தான் அடுத்த புட்டி. பரீட்சைக்கு எப்போதும் மூன்று புட்டி. இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு, என்ன குறை என்று சொல்ல வேண்டும்.

மூன்றையும் மோந்தேன். முழங்கையையும் மோந்தேன். திரும்ப மூன்றையும் மோந்தேன்.

"மூணும் ஒண்ணுதான் சார். நல்ல காய்."

அப்போது பக்கத்து அறைக் கணக்கர் ஏதோ கேட்பதற்காக உள்ளே தலையை நீட்டினார். நீட்டியவர் முகத்தைச் சுளித்தார். "என்ன சார், ஸ்டவ் எங்கேயாவது ஒழுகுதா?"

மூன்றாவது புட்டியில் இருந்தது பழைய காய். அதில் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டிருந்தார் மாசிலாமணி சார். எங்கள் குடோனில் எரிந்த விளக்கும் மண்ணெண்ணெய்தான்; அந்த வாடையும் ஏலக்காயோடு சேர்ந்தே எனக்குப் பழகியிருந்தது.

ஒரு வாரம் தினமும் வைத்தார். தினமும் தோற்றேன். மிளகு, மல்லி, சீரகம் எதை வைத்தாலும் சரியாகச் சொன்னேன். ஏலக்காய் என்றால் சுவரை மோந்தது போல இருந்தது.

"மிஸ்டர் போடி, உங்களுக்கு மூக்கு இருக்கிறது" என்றார் சனிக்கிழமை. "ஆனால் ஏலக்காய் விஷயத்தில் அது செத்துப் பல வருடம் ஆகிறது. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணக்காது. உங்கள் ஊர் மொத்தமும் அப்படித்தான் இருக்க வேண்டும். எங்களுக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்று முடிவெடுத்தவர் யார் என்று தெரியவில்லை."

"இனி ஒண்ணும் செய்ய முடியாதா சார்?"

"ஜூன் கடைசிவரை பார்க்கலாம். அதற்குமேல் எனக்குப் பொறுமை இருக்காது."

அன்றிலிருந்து ஏலக்காய் எனக்குத் தடை. இனிப்பு, பாயாசம், பிரியாணி எதையும் தொடக்கூடாது. வீட்டிலிருந்து வந்த எதுவும் என்னிடம் இருக்கக்கூடாது. பூச்சி அண்டாமல் இருக்க அம்மா துணிகளுக்கு நடுவே ஏலக்காயைத் தூவித்தான் டிரங்குப் பெட்டியை மூடியிருந்தாள்; மதுரைக் கல்லூரி விடுதிக்கும் அப்படித்தான் அனுப்புவாள். ஆக, பெட்டியும் துணிகளும் வெளியே. மூர் மார்க்கெட்டில் யாரோ போட்டுக் கழித்த இரண்டு சட்டைகளை வாங்கிக்கொண்டேன். பெட்டியைக் கன்னியம்மா தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

"என் வூடே கல்யாண மண்டபமா பூட்ச்சு" என்றாள் மறுநாள். "அக்கம்பக்கத்துல எல்லாம் எப்ப பந்தி போடுவேன்னு கேக்குறாளுங்க."

என் வேலையும் மாறியது. காலையில் ஓர் இடத்தின் பெயரைச் சொல்வார். போய் மோந்துவிட்டு வந்து, எந்த வாசனை முதலில் வந்தது, எது அடியில் இருந்தது, எது கடைசிவரை நின்றது என்று சொல்ல வேண்டும். கொத்தவால் சாவடியில் அழுகிய முட்டைக்கோஸ். ராயபுரத்தில் மீன். பெரியமேட்டில் பதனிடாத தோல். கூவத்துப் பாலங்கள், ஒவ்வொன்றாக. சென்னையைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். உதவித்தொகை வாங்கிக்கொண்டு அதை மோந்து பார்க்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

'மோசமாக இருந்தது' என்று சொன்னால் ஏற்கமாட்டார். "அது அபிப்பிராயம். நான் கேட்டது வாசனை."

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். "இப்பல்லாம் கூவம் அவ்வளவாத் தெரியல சார். பழகிருச்சு."

அந்த இரண்டு மாதத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். குரல் இன்னும் தாழ்ந்தது.

"பழகுவதற்கா உங்களுக்குப் பணம் தருகிறோம்? பழகிக்கொள்ள இந்த ஊரில் லட்சக்கணக்கான பேர் இலவசமாக இருக்கிறார்கள். ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள் மிஸ்டர் போடி. கூவம் நாறும்வரை உங்களுக்கு இங்கே வேலை உண்டு. என்றைக்கு நாறவில்லையோ, அன்றைக்கே டிரெயின் ஏறிவிடுங்கள்."

அவர் தாம்பரத்துக்கு அப்பால், அப்போது வயலாகக் கிடந்த ஓரிடத்தில் குடியிருந்தார். வாரத்துக்கு வாரம் வழியை மாற்றி அலுவலகம் வந்தார். பிறந்ததே சென்னையில், ஆனாலும் அந்த ஊர் தனக்குப் பழகிவிடாமல் பார்த்துக்கொள்வதை ஒரு விரதம் போலச் செய்துவந்தார். கிறுக்கு என்று நான் சொன்னது சரிதான். அந்தக் கிறுக்குக்குத்தான் கம்பெனி சம்பளம் கொடுத்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து நானும் வழியை மாற்றினேன். நாலு நாளில் கூவம் பழைய வீரியத்தோடு திரும்பி வந்தது. நாற்றத்துக்கு நன்றி சொன்னது அந்த ஒருமுறைதான்.

ஜூன் நடுவில், டவுன் பஸ்சில் ஒரு மத்தியானம். எனக்கு இரண்டு இருக்கை முன்னால் ஓர் அம்மாள் கைப்பையைத் திறந்து எதையோ வாயில் போட்டுக்கொண்டார். திடீரென்று ஒரு வாசனை. முதலில் தைலம் போல ஜில்லென்று மூக்கின் உச்சியில் ஏறியது. பின்னாலேயே ஓர் இனிப்பு. அடியில் எலுமிச்சைத் தோல். வியர்வையும் டீசலும் நிறைந்த அந்த வண்டியில் ஜன்னலைத் திறந்தது போல இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் மோந்ததில்லை. அடக்க முடியாமல் எழுந்து போய்க் கேட்டுவிட்டேன்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப வாயில போட்டீங்களே, அது என்னது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலக்காய்ப்பா. ஏன், பாத்ததே இல்லியா?"

மண்ணடி வரும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.

மாசிலாமணி சாரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று புட்டிகள் மேசைமேல் இருந்தன. முதலாவதைத் திறந்தேன். தைலம், இனிப்பு, எலுமிச்சை, சுத்தமான காய். முழங்கை. இரண்டாவதும் அதே. முழங்கை. மூன்றாவதைத் திறந்ததும் தலை தானாகவே பின்வாங்கியது.

"இது வேற சார். புகை. ஈர விறகுப் புகை. அடியில பழைய சாக்கு வாடை. காய வாட்டுற ஸ்டோர்ல அடுப்புச் சூடு போற தகரக் குழாய்ல ஓட்டை இருக்கு. அதக் கவனிக்காம வாட்டிருக்கான். பொறுப்பில்லாத ஆளு சார்."

"வாங்கலாமா?"

"மூணாந்தர விலைக்கு வேணும்னா வாங்கலாம். ஏற்றுமதிக்கு ஆகாது."

"நிச்சயமாக?"

"நிச்சயம் சார்."

இழுப்பறையைத் திறந்து ஒரு துணியை எடுத்து மேசைமேல் விரித்தார். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை.

கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். இருபது வருடம் நான் படுத்துறங்கிய மூட்டைகள். ஊரே முதல் தரம் என்று சொல்லும் என்று நான் நீட்டிய காய்.

"யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது" என்றார். "மாற்றிச் சொல்வதானால் சொல்லலாம். நான் இன்னும் எதையும் எழுதவில்லை."

மலை கண்முன்னால் வந்தது. அப்பாவின் முகமும் வந்தது. புட்டியை எடுத்து இன்னொரு முறை மோந்தேன். புகைதான்.

"மாத்த ஒண்ணும் இல்ல சார். மூணாந்தரம்தான்."

தலையை அசைத்துவிட்டு, மதியம் தாண்டியிருந்ததால் காப்பி கொண்டுவரச் சொன்னார். எனக்கும் சேர்த்துச் சொன்னார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு டம்ளர்தான்.

ஜூலை முதல் வாரம் மதுரையிலிருந்து பாசஞ்சரில் ஏறிப் போடி ஸ்டேஷனில் இறங்கினேன். இறங்கியதும் ஊர் மொத்தமும் மூக்கின்மேல் விழுந்தது. குடோன்கள், லாரிகள், சாக்குகள், மனிதர்கள், கன்றுக்குட்டிகூட. பாயாசத்துக்குள் விழுந்த ஈ போல நின்றேன். கன்னியம்மாவிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வேலை கிடைத்ததில் அப்பாவுக்குச் சந்தோஷம். சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னேன். "நம்ம காயில புகை அடிக்குதுப்பா. ஸ்டோர்க் குழாயப் பாக்கணும்."

கைத்துண்டை உதறினார். "இருவது வருசமா இந்த ஊருல ஒருத்தனும் சொன்னதில்ல. ரெண்டு மாசம் மெட்ராசுல இருந்துட்டு வந்த ஒடனே மூக்கு மொளச்சிருச்சாக்கும்?"

அதோடு விடவில்லை. தெருவில் போன வியாபாரிகள் மூன்று பேரைக் கூப்பிட்டு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். மூவரும் கையை விட்டு அள்ளி, மோந்து, தரையில் எறிந்தார்கள்.

"எங்கண்ணே புகை? அருமையான காயி" என்றார் ஒருவர். இன்னொருவர் என் தோளைத் தட்டினார். "மாப்ளே, மெட்ராசு ரயிலுப் புகை மூக்குலயே தங்கிருச்சு. ரெண்டு நாளு இருந்தாச் சரியாப் போகும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டு நாளில் இல்லை, பத்துப் பன்னிரண்டு நாளில் 'சரியாகிவிட்டது'. புகையும் தெரியவில்லை, ஏலக்காயும் தெரியவில்லை. பயந்துபோய் ராசிங்காபுரத்தில் பூட்டிக் கிடந்த எங்கள் பழைய வீட்டுக்குக் குடிபோனேன். நிலத்துக்கு நடுவில் இருந்த வீடு, சுற்றிலும் சோளம். வேலையில் இருந்த காலம் முழுக்க அங்கிருந்துதான் பஸ்சில் போடிக்கு வந்து போனேன். மாதிரி அறை வேலை முடிந்ததும் ஒரு நிமிடம்கூட ஊருக்குள் நிற்கமாட்டேன். திமிர் பிடித்தவன் என்றார்கள். 1984-ல் என் கல்யாணத்தில் பாயாசத்தில் ஏலக்காய் போடவிடவில்லை. பெண் வீட்டார் இன்றுவரை அதைச் சொல்கிறார்கள். "ஊருக்கே காய் வாங்குற மனுசன் வீட்டுல, டீயில தட்டிப் போட ஒத்தக் காய் கெடையாது" என்று என் மனைவி சொல்லாத விருந்தாளி இல்லை.

அப்பாவின் சரக்கை இரண்டு பருவம் மூன்றாம் தரம் என்றே முத்திரை குத்தினேன். அந்த இரண்டு பருவமும் அவர் என்னோடு அம்மா வழியாகத்தான் பேசினார். 1982-ல் ஏதோ வேலையாக மலைக்குப் போனபோது ஸ்டோரை எட்டிப் பார்த்தேன். குழாய் முழுக்கப் புதுத் தகரம்.

"மாத்தியாச்சா?" என்றேன்.

"எலி கடிச்சுப் போச்சு" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

தகரத்தை எலி கடிக்கிற ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றுதான். அந்த வருடம் அவர் காய் முதல் தரம்.

ஓய்வு பெற்றபின் போடி வீட்டுக்கே வந்துவிட்டோம். மனைவிக்கு ஆஸ்பத்திரி பக்கம், எனக்கு நூலகம் பக்கம். கீழே குடோன் இன்னும் இருக்கிறது. தம்பி மகன் நடத்துகிறான். வந்த புதிதில் காலையில் கண் விழிக்கும்போதே பலகை இடுக்கு வழியாக ஏறிவரும். பஸ்சில் வந்த அதே வாசனை. படுத்தபடியே ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருப்பேன்.

கையேட்டோடு வந்த இளைஞர்கள் போன மாதம் வாசல்படியில் கால் வைத்ததும் சொன்ன முதல் வார்த்தையை இதுவரை எழுதவில்லை. "ஆகா! ஏலக்காய் வாசனை சும்மா தூக்குது சார்!" என்றான் மூத்தவன்.

நானும் இழுத்துப் பார்த்தேன். முழங்கையை மடக்கி மோந்துவிட்டு மறுபடி இழுத்தேன். காப்பி, பழைய புத்தகத் தாள், அவன் தலையில் தேய்த்திருந்த ஏதோ ஒரு பசை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா."

"பழகிருச்சு போல சார்" என்று சிரித்துக்கொண்டே கையேட்டை நீட்டினான்.

மாசிலாமணி சார் இருந்திருந்தால் அன்றைக்கே என்னை டிரெயின் ஏற்றியிருப்பார்.